'பரவாயில்லை' என்னும் பொய்

தமிழ் பேசுகிற வீடுகளில் தினமும் புழங்குகிற பொய்கள் சில உண்டு. பசியோடு வந்து உட்கார்ந்தவர், "இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்" என்பார். எப்போது கிளம்புவாரோ என்று நாம் காத்திருக்கும் விருந்தாளியிடம், "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே" என்போம். இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் உள்ளர்த்தம் தெரியும். ஆனால் ஒரு பொய் மட்டும் இந்த ஜாதியில் சேராதது. அது கைப்பணத்தைக் கரைக்கிறது, சிநேகிதத்தைக் கெடுக்கிறது, சமயத்தில் ஒரு மனிதனை இன்னொரு மனிதன் முன்னால் கூனிக் குறுகவும் வைக்கிறது. "பரவாயில்லை" என்கிற பொய்தான் அது.

கூட வேலை பார்க்கிறவருடைய காரை ஒருவர் தெரியாமல் இடித்துவிடுகிறார். பம்பர் பிளந்துகொண்டது, அல்லது கதவு அமுங்கிப் போயிற்று. இடித்தவர் பதறுகிறார். "அடடா, என்ன செலவானாலும் நான் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார், கொடுக்க வேண்டியிராது என்ற நம்பிக்கையோடு. காருக்குச் சொந்தக்காரர், "பரவாயில்லீங்க, இதுக்குப் போயி..." என்று இழுக்கிறார், இவர் விடாமல் வற்புறுத்துவார் என்ற நம்பிக்கையோடு. முதல் நம்பிக்கை பலித்துவிடுகிறது, இரண்டாவது பலிப்பதில்லை. அன்றைக்கு ஆரம்பிக்கிறது வினை.

இது ஒரு விஷயமா, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரிய துரோகங்களால் பிரிந்த நண்பர்களைவிடச் சின்னக் கணக்குகளைப் பேசாமல் விட்டதால் பிரிந்தவர்களே உலகத்தில் அதிகம். பெரிய துரோகத்துக்கு ஒரு சண்டையாவது உண்டு. சண்டை போட்டால் சமாதானமும் ஒருநாள் வரலாம். சொல்லாத கணக்குக்குச் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. அது உள்ளேயே கிடந்து புளிக்கிறது.

முன்பின் தெரியாதவன் இடித்தால் இந்தத் தொல்லை கிடையாது. நடுரோட்டில் இரண்டு வார்த்தை கத்துவோம், கூட்டம் கூடும், பெரியவர் ஒருவர் மத்தியஸ்தம் பண்ணுவார், ஒரு தொகை கைமாறும் அல்லது மாறாது, அதோடு போயிற்று. உறவுக்காரன் இடித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள அடுத்த கல்யாணம் இருக்கிறது. கூட வேலை செய்கிறவன் மட்டும் இரண்டிலும் சேராதவன். நாளைக் காலையில் அவன் எதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பான்; பதினொரு மணிக்கு ஒரே டீயைப் பகிர்ந்து குடிக்க வேண்டும். கத்தவும் முடியாது, மறக்கவும் முடியாது.

இதைச் சொல்ல நான் வால்பாறையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூரில் பம்பர் உடைந்தால் போகிற வழியில் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, சாயங்காலம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். வால்பாறையில் அது நடக்காது. கீழே ஆழியாறிலிருந்து மேலே ஊருக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பலகையில் எழுதி நட்டு வைத்திருக்கிறார்கள். பொள்ளாச்சிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் விடாது. கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது. தட்டிக் கொட்டிச் சரிபண்ண உள்ளூரில் ஆள் உண்டு. ஆனால் அசல் பாகமும் கம்பெனி சர்வீசும் வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கியாக வேண்டும். காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பி, மறுபடி பஸ்ஸில் இறங்கி, காரை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். ஆக, வால்பாறையில் உடைந்த ஒரு பம்பரின் விலை கடைக்காரன் பில்லில் எழுதுகிற விலை மட்டுமல்ல. இரண்டு நாள் லீவு, பெட்ரோல், பஸ் சார்ஜ், கார் இல்லாத நாட்களில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற அலைச்சல் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. "பரவாயில்லை" என்று ஒருவர் சொல்கிறபோது இத்தனையையும் விழுங்கிக்கொண்டுதான் சொல்கிறார்.

இதைக் கேட்டதும் ஒரு கோஷ்டி எழுந்து நிற்கும். "இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது? அவன் கொடுத்துவிட்டுப் போகிறான்" என்பார்கள். இந்த வாதத்தைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தம்முடைய பாலிசிப் பத்திரத்தை உறையிலிருந்து எடுத்தே பார்க்காதவர்கள். நாம் எடுத்துப் பார்ப்போம்.

ஒரு பேச்சுக்கு, பம்பர் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் பிளாஸ்டிக். வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். மிச்சம் 4,000. 1500 சி.சி.க்கு மேற்படாத காரானால் முதல் 1,000 ரூபாய் சொந்தக்காரர் தலையில். மிச்சம் 3,000. சரி, மூவாயிரமாவது வந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் அடுத்த வருஷம் வந்துவிடுகிறது. ஒரு தடவையும் பணம் கேட்காமல் கார் ஓட்டுகிறவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் தள்ளுபடி சேர்ந்திருக்கும். ஒருமுறை பணம் கேட்டால் அத்தனையும் போய்விடும். அந்தப் பகுதிப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால், ஐயாயிரம் கட்டி வந்தவர் இனி பத்தாயிரம் கட்ட வேண்டும். மூவாயிரத்தை வாங்கி ஐயாயிரத்தைத் தொலைத்ததுதான் லாபம்! கூடுதல் பணம் கட்டித் தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது அவர் தம் முன்யோசனைக்குக் கொடுத்த காசு; உங்கள் அஜாக்கிரதைக்கு அவர் முன்கூட்டியே கட்டி வைத்த டெபாசிட் அல்ல.

இடித்தவருடைய இன்சூரன்சிலிருந்து வாங்கலாமே என்றால், வாங்கலாம். மூன்றாம் மனிதருக்கு நேரும் நஷ்டத்துக்காக இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய 1939-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இருந்தது. ஆனால் கம்பெனி தானாகக் கொடுக்காவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஒரு பம்பருக்காகப் பக்கத்து மேஜைக்காரரை எதிர்மனுதாரராக்கி வழக்காடுகிறவர் எங்கேயாவது இருந்தால் அவரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆகவே சட்டம் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லி நழுவுவது, அவை இந்த இடத்துக்கு வந்து சேராது என்று தெரிந்தே சொல்வதுதான்.

இரண்டாவது கோஷ்டி இன்னும் சாமர்த்தியமானது. இவர்கள் பேசுவதே இல்லை. பின்னால் எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கிறது, இறங்கிப் பார்க்கிறார்கள், சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள், மறுபடி ஏறிக்கொண்டு போய்விடுகிறார்கள். சாயங்காலம் சொந்தக்காரர் வந்து பார்த்துத் திகைத்து நிற்கும்போது இவர்களும் கூட்டத்தோடு நின்று ஆச்சரியப்படுகிறார்கள். வால்பாறையில் இதற்கு வசதி அதிகம். புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் இருக்கவே இருக்கின்றன; வண்டி மேலும் வீட்டுக் கூரை மேலும் ஏறி விளையாடுவது அவற்றின் வழக்கம். "குரங்கு குதிச்சிருக்கும் சார்" என்றால் தீர்ந்தது. அமுங்கல் பெரிதாக இருந்தால் யானை மேல் போடலாம். உலகத்தில் அழிந்துகொண்டு வருகிற ஒரு ஜீவன், பாவம், ஒரு குமாஸ்தாவின் பழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சின்ன ஊரில் ரகசியம் தங்காது. டீக்கடைக்காரர் பார்த்திருப்பார், அல்லது வாட்ச்மேன் பார்த்திருப்பார். சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது என்று அவர் காட்டிக்கொள்ளமாட்டார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே ஆபீசில் பத்து வருஷம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பைவிட ஒரு நல்ல சண்டை எவ்வளவோ மேல்.

இடித்தவரையே நான் தாக்கிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். காருக்குச் சொந்தக்காரர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. "பரவாயில்லை" என்று வாயால் சொல்லிவிட்டு, அன்றைக்கே காண்டீனில், "எட்டாயிரம் ஆச்சு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க" என்று ஆரம்பிக்கிறவர் தர்மவான் அல்ல. எட்டாயிரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளின் பெயரைக் கெடுத்து வட்டியோடு வசூல் பண்ணுகிறார். பணமாக வாங்கியிருந்தால் ஒருநாளில் முடிந்திருக்கும் கடனை, ஆயுள் முழுதும் திருப்பித் தீராத கடனாக ஆக்கிவிடுகிறார். இன்னொரு ரகமும் உண்டு. கதவில் விழுந்த ஒரு கீறலைச் சாக்காக வைத்து, ஆறு வருஷத்துப் பழைய கீறல்களையெல்லாம் சேர்த்து வண்டி முழுவதற்கும் பெயின்ட் அடித்துக்கொண்டு பில்லை நீட்டுகிறவர். இவருக்கும் முன்னவருக்கும் நான் வித்தியாசம் காணவில்லை. ஒருவர் கணக்கை மறைக்கிறார். மற்றவர் கணக்கைப் பெருக்குகிறார்.

"சிநேகிதத்தில் பணக் கணக்கு பார்ப்பது அநாகரிகம்" என்று ஓர் ஆட்சேபம் எழும். இதைச் சொல்கிற நாம் யார் தெரியுமா? கல்யாண வாசலில் மேஜை போட்டு, நோட்டுப் புத்தகம் திறந்து, இன்ன ஊர் இன்னார் 501 என்று மொய் எழுதுகிற ஜனங்கள். பதினைந்து வருஷம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்படும்போது அந்த நோட்டைப் பரணிலிருந்து எடுத்துத் தூசு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறோம். இதை யாரும் அநாகரிகம் என்பதில்லை, நானும் சொல்லவில்லை. கொடுத்தது வாங்கியது தெளிவாக இருப்பதால்தான் அந்த உறவு தலைமுறை தாண்டி நிற்கிறது. நல்ல காரியத்துக்கு இருக்கிற இந்தத் தெளிவு, நாம் செய்த சேதத்துக்கு மட்டும் ஏன் அநாகரிகமாகிவிட வேண்டும்?

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் சமமானவர்களுக்குள். உத்தியோகத்தில் மேலே ஒருவரும் கீழே ஒருவரும் இருந்தால் "பரவாயில்லை" வேறு ரூபம் எடுக்கிறது.

ஓர் எஸ்டேட் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். மானேஜரின் கார் நிற்கிறது. குமாஸ்தா தம் ஸ்கூட்டரைத் திருப்பும்போது அதன் பக்கத்தில் ஒரு நீளக் கோடு விழுந்துவிடுகிறது. மானேஜர் நல்லவர், "பரவாயில்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்கிறார். குமாஸ்தா வேலையைப் பார்க்கிறார். ஆனால் அடுத்த மாதம் லீவு கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. இங்கிரிமென்ட் தள்ளிப்போனால் ஏன் என்று கேட்க முடியவில்லை. காரைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு அவரைப் பார்க்கிறது. அறுநூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ வாங்கிக்கொண்டிருந்தால் அந்த மனிதர் நிமிர்ந்து நடந்திருப்பார். மூன்று தவணையில் கொடுத்திருந்தாலும் சரி, கொடுத்தவன் கொடுத்தவனே.

இதையே திருப்பிப் போடுங்கள். மானேஜரின் ஜீப் பின்னால் வந்து குமாஸ்தாவின் ஸ்கூட்டரைச் சாய்த்துவிடுகிறது. முன்விளக்கு நொறுங்கிப் போகிறது. மானேஜர் கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, ஏதாவது ஆயிடுச்சா?" என்கிறார். "பரவாயில்லீங்க சார், ஒண்ணும் ஆகலீங்க சார்" என்று குமாஸ்தா நொறுங்கிய கண்ணாடியைக் காலால் ஒதுக்குகிறார். மானேஜர் நிம்மதியாகப் போய்விடுகிறார். ஐயா, அந்தப் "பரவாயில்லை" உபசார வார்த்தையா? அது பயம். பயத்தை மரியாதை என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது பாருங்கள்! மானேஜர் கெட்டவர் அல்ல. ஒரு மனிதன் தனக்கு நஷ்டமில்லை என்று சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைத்தான் நான் குற்றம் சொல்கிறேன். உங்களிடம் சம்பளம் வாங்குகிறவனுடைய "பரவாயில்லை"யை நம்ப உங்களுக்கு உரிமை கிடையாது.

இந்த மலைக்கு இந்த விஷயத்தில் ஒரு சரித்திரமும் இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வந்த மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துக் கணக்கு எழுதிய காலம் அது. எழுதியவன் ஒருத்தன், கைநாட்டு வைத்தவன் ஒருத்தன். கடன் எப்போதும் ஒரே பக்கமாகவே வளர்ந்தது. இங்கே டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல், அந்தக் காலத்துத் தொழிலாளர்களின் பாட்டை 1969-இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கணக்கு நோட்டு ஒரு மனிதனை என்னவாக ஆக்கும் என்று. அந்த நாட்கள் போய்விட்டன. சம்பளத்தில் இஷ்டத்துக்குப் பிடிக்கக் கூடாது, தன் பொறுப்பில் ஒப்படைத்த பொருளை ஒருவன் அஜாக்கிரதையால் கெடுத்தால்தான் பிடிக்கலாம், அப்போதும் அவன் சமாதானத்தைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும் என்று 1936-ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டம் எழுதி வைத்தது. ஆனால் சட்டம் மேலேயிருந்து கீழே பிடிப்பதைத்தான் கட்டுப்படுத்த முடியும். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டியதைத் தாமாக எடுத்துக் கொடுக்கும்படி எந்தச் சட்டமும் செய்ய முடியாது. அது மனிதனின் காரியம்.

அதற்கு வழி சொல்லித்தர வெளியூர்ப் பண்டிதர் தேவையில்லை. வால்பாறைப் பாதையே சொல்லித்தருகிறது. குறுகலான மலைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-இல் வெளியான சாலை விதிகளில் இதை எழுதியே வைத்தார்கள். எழுதாவிட்டாலும் இந்தப் பாதையில் ஓட்டுகிற பஸ் டிரைவர்களுக்கும் லாரி டிரைவர்களுக்கும் அது தெரியும். ஏறுகிறவன் பாரத்தை இழுத்துக்கொண்டு வருகிறான். நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம். இறங்குகிறவனுக்கு நிற்பது சுலபம். சேத விஷயத்திலும் இதே நியாயந்தான். மேலே இருப்பவர் தம்மால் வந்த சேதத்துக்கு, கீழே இருப்பவர் வாய் திறக்கும் முன்பே நின்று, இறங்கி, பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். தமக்கு நேர்ந்த சேதத்துக்கு அவனால் முடிந்த அளவு தவணையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் விடுவதானால், "இது இத்தோடு முடிந்தது" என்று தெளிவாகச் சொல்லி, அப்புறம் ஒரு நாளும் ஒரு பேச்சிலும் அதை எடுக்கக் கூடாது.

கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனைத் தேர்க்காலிலேயே இட்ட சோழன் கதையை நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். அந்தக் கதையின் கொடூரம் எனக்கு ஒருநாளும் சம்மதமானதில்லை. ஆனால் அதில் ஓர் அம்சம் எனக்குப் பிடிக்கும். மாடு வந்து மணியடித்தபோது, "பரவாயில்லை, கன்றுதானே" என்று அரண்மனையில் யாரும் மாட்டைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடவில்லை. வாகனத்தில் வந்தது ராஜகுமாரன். அடிபட்டது வாயில்லாப் பிராணி. அப்படியிருந்தும் கணக்கு கேட்கப்பட்டது. மகனைக் கொல்கிற நீதி நமக்கு வேண்டாம். ஒரு முன்விளக்கு வாங்கித் தருகிற நீதி போதும்.

வெளிநாட்டிலும் பாருங்கள். ஜப்பானில் ஒருவருக்குச் சேதம் உண்டாக்கியவர், தின்பண்டப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவிப்பது வழக்கம். அமெரிக்காவில் வழக்குப் பயத்தால் வருத்தம் சொல்லவே ஜனங்கள் அஞ்சினார்கள். அதனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986-இல் ஒரு சட்டம் செய்தார்கள். விபத்தில் அடிபட்டவரிடம் சொல்கிற அனுதாப வார்த்தையைக் கோர்ட்டில் குற்ற ஒப்புதலாகக் காட்ட முடியாமல் போயிற்று. நமக்கு அந்தப் பயம்கூட இல்லை. யாரும் நம்மைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. இருந்தும் வாய் வரவில்லை என்றால், தடுப்பது சட்டமல்ல, சங்கோசம். சங்கோசத்துக்குப் பண்பு என்று பெயர் சூட்டி வளர்த்துவிட்டோம்.

ஆகவே செய்ய வேண்டியதைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். இடித்தீர்களா, அன்றைக்கே, யாரும் சொல்வதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். "எவ்வளவு ஆகும்?" என்று சொந்தக்காரரைக் கேட்காதீர்கள், அவர் சொல்லமாட்டார். ஒர்க்‌ஷாப்காரரைக் கேளுங்கள். பில்லோடு பெட்ரோலும் பஸ் சார்ஜும் சேருங்கள். முடிந்தால் வண்டியை நீங்களே பொள்ளாச்சிக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். இரவல் வாங்கிய காரானால், யார் தப்பு என்ற விசாரணையே வேண்டாம்; உங்கள் கையில் இருந்தபோது பட்ட அடி உங்களுடையது. காருக்குச் சொந்தக்காரரா, உண்மையான தொகையைச் சொல்லுங்கள். ஒரு ரூபாய் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீட்டிய பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதால் நீங்கள் சின்னவராகிவிட மாட்டீர்கள். கொடுக்கிறவர் தலை நிமிர்ந்து போக ஒரு வழி விடுகிறீர்கள்.

இந்த ஊரில் இன்றைக்கும் ஏதோ ஓர் ஆபீஸ் வாசலில் நொறுங்கிய முன்விளக்கோடு ஒரு ஸ்கூட்டர் நிற்கலாம். அதை இடித்தவர் இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாளை ஆபீசுக்குப் போனதும் அந்தக் குமாஸ்தாவை உள்ளே கூப்பிடாமல், நீங்களே எழுந்து அவர் மேஜைக்குப் போங்கள்.